மூக்கில் உட்கார்ந்த மறவன்

தாயுமானவனின் மூக்கு நுனியில் தமிழ் மறவன் வந்து உட்கார்ந்தபோது முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்த அவர் கையில் உப்பில்லாத இட்லி இருந்தது. எதிரில் மனைவி வடிவு இருந்தாள். மூன்று பேருமே அசையவில்லை.

தமிழ் மறவன் என்றதும் வாளும் கேடயமுமாக யாரோ ஏறி உட்கார்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது ஒரு பட்டாம்பூச்சி. ஆரஞ்சு உடம்பு, இறக்கையோரம் கறுப்புக் கரை, மழைக்காட்டின் குளிர்ச்சியை விட்டு வெளியே தலைகாட்டாத வீம்பு.

"ஏங்க, மூக்குல என்னமோ."

"எங்க?" என்றார் தாயுமானவன், மாறுகண் வருமளவுக்கு அதையே பார்த்துக்கொண்டு.

வடிவு தோளில் கிடந்த துண்டை உருவி ஒரு வீசு வீசினாள். பூச்சி தப்பிவிட்டது. மூக்கு தப்பவில்லை.

"கருமம் பிடிச்ச பூச்சி," என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. தாயுமானவன் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். இந்தக் கதையில் அவர் தப்பாக எடுத்துக்கொண்ட பல விஷயங்களில் அது முதலாவது.

வடிவு ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு நிற்கிறவன் டிக்கெட் எடுத்தவனா எடுக்காதவனா என்று, கதவில் காதை வைத்து மூச்சுவிடும் சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லுவாள் என்று அந்தப் பக்கத்து ரயில்களில் ஒரு பேச்சு உண்டு. போன வருஷம் தாயுமானவனுக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்ததும் வேலையை விட்டுவிட்டு, அவர் வேலை பார்க்கும் இந்த நெடுந்தேரி மலைக்கே வந்து சேர்ந்தாள். வந்த கையோடு ஒரு நிபந்தனை போட்டாள்.

"டாக்டர் உப்ப நிறுத்தச் சொல்லிட்டாரு. மலையில ஆஸ்பத்திரி கிடையாது. பத்தியம் தப்பிச்சுன்னு எனக்குத் தெரிஞ்சா, அன்னைக்கே பெட்டியக் கட்டிக் கீழ இறங்கிருவோம். சம்மதமா?"

மெல்போர்னில் இருக்கும் மகளைக் கைப்பேசித் திரையில் வரவழைத்து, அவள் தலை தெரிந்த இடத்தில் அடித்து அவர் சத்தியம் செய்தார். திரையில் கீறல் விழுந்தது. கீழே இறங்குவதென்றால் பாளையங்கோட்டையில் மகள் வாங்கிப் போட்டிருக்கும் பதினோராவது மாடி வீடு. அங்கே பூச்சி என்றால் கரப்பான் மட்டும்தான். தாயுமானவனுக்கு அது வீடு அல்ல, ஜன்னல் வைத்த பீரோ.

ஏனென்றால் அந்தப் பட்டாம்பூச்சிகளை உண்டாக்கியவர் அவர்.

அசல் மறவன்கள் வெயில் தாளாமல் இந்த மலையைக் காலி செய்து வெகு காலமாகிறது. போவதற்கு முன் அகப்பட்ட ஒரே ஒரு ஆண் பூச்சியின் மூளையை இழை இழையாகப் படியெடுத்து, கடுகளவு சில்லில் இறக்கி, இறக்கை ஒட்டிப் பறக்கவிட்டவர் தாயுமானவன். பட்டாம்பூச்சிக்கு ருசி பார்க்கும் நாக்கு காலில் இருக்கிறது. இலையை மிதித்த மாத்திரத்தில் அது என்ன இலை, நல்ல இலையா, நோய் விழுந்ததா என்று கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட கால்களை ஆயிரக்கணக்கில் காட்டுக்குள் அனுப்பினால் எந்த ஓடையில் என்ன கலக்கிறது, எந்த மரம் வாடத் தொடங்கியிருக்கிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். அதற்காக ஏற்படுத்தியதுதான் மழைக்காட்டுச் சுவையறி நிலையம். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும். மலையில் யாரிடமாவது வழி கேட்கும்போது 'நக்காபீஸ்' என்று கேட்க வேண்டும்.

பறக்கவிட்ட முதல் வாரமே, நிலையத்தின் வேதியியலாளர் பெர்பெத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றாள். மணப்பாட்டுக் கடற்கரைக்காரி. மனசில் பட்டதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்லுவாள்.

"சார், நம்ம பூச்சி ஒண்ணுகூடப் பூவுக்குப் போவல. எல்லாம் யானை மூத்திரம் பேஞ்ச சேத்துல வரிசையா உக்காந்திருக்கு. வணக்கம்."

"ஆண் பூச்சில்லாம்மா. அதுக்கு உப்பு வேணும். பூவுல தேன் இருக்கும், உப்பு இருக்காது. அதனால ஈர மண்ணு, மூத்திரம், வேர்வைன்னு தேடிப் போயி உறிஞ்சும்."

"இதுக்குத்தான் வயிறே கிடையாதே சார்?"

"வயிறுதான் கிடையாது. மூளைய முழுசா எடுத்துட்டோம்லா? புத்திய மட்டும் வச்சுக்கிட்டு ஆசைய வேண்டாம்னு பிரிச்செடுக்க நமக்குத் தெரியல."

"அவ்ளோ உப்ப வச்சு என்னதான் செய்யும்?"

"சேத்து வச்சு, இணை சேரும்போது பொண்ணுக்குக் குடுக்கும். முட்டைக்கு நல்லதாம்."

"பரிசம் போடுது!"

"ஆமா. மாப்பிள வீட்டுப் பரிசம்."

பெர்பெத்து கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நம்மகிட்டப் பொண்ணே கிடையாதே சார். அம்புட்டும் அந்த ஒத்த ஆம்பள மூளதான?"

தாயுமானவனுக்கு அதுவரை இது உறைக்கவே இல்லை. வயிறில்லாத பூச்சிக்குப் பசியையும், பெண்ணில்லாத ஊரில் பரிசம் சேர்க்கிற ஆசையையும் கொடுத்துவிட்டிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அவர் பூச்சிகளின் முகத்தில் விழிக்கவில்லை.

யானை மூத்திரத்துக்கு அடுத்தபடியாக மறவன்களுக்குப் பிடித்தது மனித வேர்வை. ஆள் மேல் உட்கார்ந்தால் அந்த ஆள் நேற்று என்ன குடித்தான், என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பதெல்லாம் பூச்சியின் காலுக்குத் தெரிந்துவிடும். அதனால் மனிதர் மேல் உட்கார்ந்த பதிவுகளைப் படிக்காமலே ஒதுக்கிவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. கணினியும் ஒதுக்கிவிடும். மலையின் மானம் சட்டத்தால் இப்படிக் காப்பாற்றப்பட்டிருந்தது.

ஆனால் மலைக்காரர்கள் வேறு வழியில் மானத்தைப் பூச்சியிடம் ஒப்படைத்தார்கள்.

தொடங்கி வைத்தவர் பஸ் கண்டக்டர் குற்றாலிங்கம். டிரைவர் இல்லாமல் தானாக ஓடுகிற பஸ் வந்துவிட்டது. ஆனால் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கிடக்கு" என்று கத்துவதற்கு ஒரு மெஷின் வராததால் அவர் வேலை மட்டும் பிழைத்தது. ஒரு நாள் மாசானத்தின் டீக்கடை வாசலில் அவருக்கும் ஒரு பயணிக்கும் தகராறு. வாய் முற்றிய நேரத்தில் நாலைந்து மறவன்கள் பறந்து வந்து, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த குற்றாலிங்கத்தின் மேல் உட்கார்ந்தன. ஏசி வண்டியில் வந்து இறங்கி வேர்க்காமல் நின்ற பயணியை அவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

குற்றாலிங்கம் கையை விரித்துக் கூட்டத்தைப் பார்த்தார். "பாத்துக்கிடுங்க! சோத்துல உப்பு போட்டுத் திங்கிறவன் யாருன்னு பூச்சிக்கே தெரியுது!"

அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாகப் பதில் எதிர்பார்க்காமல் கேட்டு வந்த ஒரு கேள்விக்கு, அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பரிசோதனை வசதி வந்தது.

மலையே தலைகீழானது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை வாசலில் அரைமணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். பூச்சி வராததால், "பொண்ணு படிக்கணும்ங்கா" என்று காபியோடு அனுப்பிவைத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பரமார்த்தலிங்கம் யாருக்கும் தெரியாமல் உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டு மேடையேறினார். தலைமுதல் கால்வரை மறவன் அப்பி, வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும் என்ற நிலையில், அரைமணி நேரமும் பேசாமலே நின்றார். அவர் ஆற்றியதிலேயே சிறந்த உரை அதுதான் என்று எதிர்க்கட்சிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். வேர்வை வராத சீக்குள்ள மனுஷர்கள் கடைத்தெருவுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். இது மட்டும் சிரிப்பாக இல்லை.

இத்தனை அமளியிலும், வேர்த்துக் கொட்டியும் மலையில் ஒரே ஒருவர் மேல் மட்டும் பூச்சி உட்காரவே இல்லை. அது அவற்றை உண்டாக்கியவர்.

உப்பில்லாத இட்லி, உப்பில்லாத ரசம், உப்பில்லாத கீரை. வேர்வை வந்தால் அது வேர்வை அல்ல, வடிகட்டின தண்ணீர். மறவன்கள் தாயுமானவனின் கைமேல் வந்து காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர்களைப் போல எழுந்து போயின.

"என்ன அண்ணாச்சி, பெத்த பிள்ளையளே ஒங்கள மதிக்க மாட்டேங்குதே?" என்றான் டீக்கடை மாசானம். "சோத்துல உப்பு போட்டுத்தான திங்கிய?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். தாயுமானவனும் சிரித்தார். முதல் நாள் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்தில் அது பல்லைக் காட்டுவதாக மாறியது. ஒரு மாதத்தில் பல்லைக் கடிப்பதாக மாறியது. படித்தவர், விஞ்ஞானி, காரண காரியம் எல்லாம் அறிந்தவர். சோடியத்துக்கும் மானத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஒரு நாள் மத்தியானம் மாசானத்தின் கடை வாசலில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"வே மாசானம், நெத்திலிக் கருவாடு இருக்கா?"

மாசானத்தின் கரண்டி நின்றது. "அக்காவுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"அக்காவுக்கு எதுக்குத் தெரியணும்? நீரு பொரியும்."

மாசானம் அடுப்பங்கரைக்குள் போனவன் வெகு நேரம் கழித்துத்தான் வந்தான். கருவாடு சிவப்பாக, மிளகாயில் புரண்டு வந்தது. தாயுமானவன் முதல் துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். நாக்கு எரிந்தது, காது அடைத்தது, கண்ணில் நீர் வந்தது. ஆகா, உப்பு!

அன்றிரவு நெஞ்சு கரித்தது. மிளகாய்க்கும் எண்ணெய்க்கும் அது நியாயம்தான். ஆனால் தூக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகியிருக்கிறார் போலும். காலையில் வடிவின் முகம் வெளுத்திருந்தது. அப்போதுதான், இட்லியைப் பிட்ட அந்த நேரத்தில், மறவன் வந்து மூக்கில் உட்கார்ந்தது.

வேறெங்காவது உட்கார்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். அது மூக்கில் உட்கார்ந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். உப்பு கிடைத்த இடத்தையும் நேரத்தையும் அவை மறப்பதில்லை. அதே வழியில் அதே வேளைக்கு வந்து நிற்கும். மறவன் என்றால் வீரன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். மறக்காதவன் என்றும் ஒரு பொருள் இருப்பது மூக்கில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது.

மாசானத்திடம் போவதை நிறுத்தினாரா என்றால், இல்லை. கடைத்தெருவில் இப்போது அவருக்கு மரியாதை. "அண்ணாச்சி மூக்குலயே உக்காருதாம்லா" என்று பேச்சு. மத்தியானம் கருவாடு, காலையில் பூச்சி, பூச்சிக்குப் பின்னால் துண்டு. வடிவு துண்டை வீசுகிற வேகம் நாளுக்கு நாள் கூடியது. ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. டிக்கெட் பரிசோதகர் ஒன்றும் கேட்காமல் பக்கத்திலேயே நின்றால், அடுத்த ஸ்டேஷனில் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம்.

தாயுமானவன் ஒரு முடிவுக்கு வந்தார். கருவாட்டை விட முடியாது, மலையையும் விட முடியாது. அப்படியானால் பூச்சி உப்பை விடட்டும்.

படியெடுத்த மூளையில் அந்த ஆசை குடியிருந்த முடிச்சு எது என்று இப்போது அவருக்குத் தெரியும். அதை மட்டும் அணைக்கும்படி காட்டிலுள்ள அத்தனை மறவன்களுக்கும் ஆணை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை மூக்கு காலியாக இருந்தது. வடிவு துண்டோடு காத்திருந்துவிட்டு, "இன்னைக்கு வரலியோ?" என்றாள். ஒரு பெருமூச்சு விட்டாள். அதை ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டார். குற்றவாளி தப்பிவிட்ட ஏமாற்றம்.

ஆனால் அன்றைக்கே நிலையத்தின் திரைகள் ஒவ்வொன்றாக மங்கின. மறவன்கள் ஓடைக்குப் போகவில்லை. ஒன்றையொன்று துரத்தவில்லை. கூட்டம் கூடவில்லை. இலைமேல் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி, இறக்கையை மூடிக்கொண்டு, எதற்கும் எழுந்திருக்கவில்லை. பறக்கத் தெம்பு இருந்தது, போவதற்கு ஓர் இடம் இல்லை.

மூன்றாம் நாள் வடிவு ஒரு முறத்தோடு நிலையத்துக்கு வந்தாள். முறத்தில் மறவன்களை வாரிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏங்க, கொல்லை பூராவும் இப்படித்தான் கிடக்கு. தட்டிவிட்டாலும் எந்திரிக்க மாட்டேங்குது. என்ன ஆச்சு இதுகளுக்கு?"

"ஒண்ணும் இல்ல. உப்பு ஆசைய மட்டும் லேசா எடுத்துவிட்டிருக்கேன்."

"பத்தியம் போட்டுட்டியளா சார்?" என்றாள் பெர்பெத்து.

வடிவு முறத்தைப் பார்த்தாள். "துண்டால அடிச்சாகூட மறுநா வந்து நிக்கும். எனக்கே அது வரலன்னா ஒரு மாதிரி இருக்கு. ஆசையே இல்லாம உசிரோட கிடந்து என்ன..." என்று தொடங்கியவள், கணவரின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மூன்று பேரும் முறத்தையே பார்த்தார்கள். அதில் கிடந்தவை பட்டாம்பூச்சிகளைப் போலவும் இருந்தன, தாயுமானவனைப் போலவும் இருந்தன.

"திருப்பிப் போட்டுருங்க," என்றாள் வடிவு.

அவர் போட்டுவிட்டார். முறத்திலிருந்து முதல் மறவன் எழுந்தது. பிறகு எல்லாமே. வந்த வேகத்தில் ஒன்று பெர்பெத்துவின் கழுத்து வேர்வையில் போய் இறங்கியது. "ஏ மூதி!" என்று அவள் கத்தினாள். தாயுமானவனுக்கு மனசு நிறைந்தது. கை தானாக மூக்கைத் தொட்டுப் பார்த்தது. நாளைக் காலை மூக்குக்கு வந்துவிடும்.

வந்தது. துண்டும் வந்தது. ஆனால் நிலையத்துக்குப் போனபோது வேறொன்று காத்திருந்தது. மூளையில் கைவைத்துவிட்டுத் திருப்பிப் போட்டதால், கால்கள் ருசியைச் சரியாகச் சொல்கின்றனவா என்று சரிபார்ப்பதற்காகப் பெர்பெத்து அன்றைய பதிவுகளை ஒதுக்காமல் திறந்து பார்த்திருந்தாள்.

"சார், கதவச் சாத்துங்க. சட்டப்படி இத நான் பாத்திருக்கக் கூடாது. கோவிச்சுக்கப்பிடாது."

தாயுமானவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "தெரிஞ்சு போச்சா? வடிவுகிட்ட மட்டும் சொல்லிராதம்மா. தெனமும் இல்ல. மத்தியானம் மட்டும் ரெண்டு துண்டு."

"என்னது ரெண்டு துண்டு?"

"கருவாடு."

"ஓ, அது கருவாடுதானா?" என்றாள் பெர்பெத்து. "நான் மணப்பாட்டுக்காரி சார், வாடை எனக்கு அன்னைக்கே வந்துட்டு. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. கருவாடு தின்ன ஆளு வேர்வையில உப்பு ஏறணும். ஒங்களுக்கு ஏறவே இல்ல. கைமேல உக்காந்த பூச்சி பச்சத்தண்ணிங்குது."

"அப்ப மூக்குல? மூக்குல உக்காருதுல்லா?"

"அந்த உப்பு ஒங்களது இல்ல சார்." பெர்பெத்து ஜன்னலைப் பார்த்தாள். "அது வேர்வையே இல்ல. கண்ணீரு. பொம்பளக் கண்ணீரு."

"வெங்காயம் உரிச்சிருப்பா."

"வெங்காயத்துக்கு வர்ற கண்ணீரு வேற ருசி, மனசு வெந்து வர்ற கண்ணீரு வேற ருசி. நமக்குத் தெரியாது, அந்தக் காலுக்குத் தெரியும். இது அந்த ரெண்டாவது வகை." திரையை அணைத்தாள். "ஒங்க மூக்கு மேல யாரு சார் வந்து அழுதா?"

தாயுமானவன் நேரே மாசானத்தின் கடைக்குப் போனார்.

"வே மாசானம், கருவாட்டுல உப்பு போட்டீரா இல்லியா?"

மாசானம் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. டீயின் ஓட்டத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஏழு தண்ணி ஊத்திக் கழுவித்தான் அண்ணாச்சி பொரிச்சேன். மொத நாளு நீங்க வாசல்ல நின்னு திருட்டு முழி முழிச்சியளே, அப்பமே உள்ள போயி அக்காவுக்குப் போனப் போட்டுட்டேன். 'மனுசன் ஆசப்பட்டுட்டாரு, இல்லன்னு சொல்லாத, உப்ப மட்டும் எடுத்துட்டு மொளகாயத் தூக்கிப் போட்டுக் குடு, அவருக்கு வித்தியாசம் தெரியாது'ன்னாவ."

"எனக்கா தெரியாது?"

"தெரியலியே அண்ணாச்சி. 'ஆகா, உப்பு'ன்னு கண்ண மூடுனியளே."

மறுநாள் விடியலில் தாயுமானவன் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தார்.

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. காலடி கட்டிலோரம் வந்தது. டிகாக்‌ஷன் வாசனை குனிந்தது. அவள் கன்னம் அவர் மூக்குக்கு அருகில் வந்து நின்றது, தொடவில்லை. அவர் விடும் மூச்சைக் கன்னத்தில் வாங்கிப் பார்க்கிறாள். மூடிய கதவில் காதை வைத்து, உள்ளே ஆள் இருக்கிறானா என்று கேட்கிற அதே கவனத்தோடு. மூச்சு பட்டது. அவளுக்கு ஒரு விசும்பல் வந்தது. வெதுவெதுப்பாக ஒரு சொட்டு அவர் மூக்கு நுனியில் விழுந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? சீராக மூச்சு விட்டுக்கொண்டு தூங்குகிறவனாக நடிப்பான். பட்டாம்பூச்சிக்கே மூளை செய்து கொடுத்த தாயுமானவன், தனக்கும் அழுகை வருவதை அவளுக்குக் காட்டிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

வடிவு காத்தாள். கன்னத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தாள். மூச்சு இல்லை.

"ஏங்க!"

மலையில் கோழிகள் எழுந்தன. ரயில்வேயில் முதலுதவிப் பயிற்சிக்கு முதல் பரிசு வாங்கியவள் அவள். கைகளைக் கோத்து நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து. இரண்டாவதற்குக் கையை எடுக்கும்போதே தாயுமானவன் துள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கேன்! இருக்கேன்ளா! உசிரோடதான் இருக்கேன்!"

வடிவு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தலை கலைந்து, முகமெல்லாம் ஈரமாக, கண்ணில் தீயாக அவரைப் பார்த்தாள்.

"உசிரோட இருக்க மனுசன் மூச்சு விட வேண்டியதுதான? இப்படியா ஒருத்தியப் பதற அடிக்கது? நீங்கல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கியளா?"

"நீ எங்க போடுத?" என்றார் தாயுமானவன்.

வடிவின் உதடு துடித்தது. அவர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார். ஆனால் அது சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் இரண்டும் சேர்ந்துகொண்டன, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

அவர் கட்டிலிலிருந்து இறங்கி, நெஞ்சைத் தடவிக்கொண்டே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வடிவு, நான் மாசானம் கடையில..."

"தெரியும்."

"அப்ப மலையிறங்கணுமா?"

வடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "டிக்கெட் இல்லாம ஏறினவனத்தான் இறக்கிவிடுவேன். ஒங்களுக்குத்தான் நானே எடுத்துக் குடுத்துட்டேனே."

ஜன்னல் வழியாக மறவன் வந்தது, வழக்கமான வேளைக்கு. மூக்குக்கு வந்து காலை ஊன்றிப் பார்த்தது. பதற்றத்தில் அவர் முகத்தைத் துடைத்திருந்ததால் அங்கே ஒன்றுமில்லை. தப்பான வீட்டுக் கதவு. எழுந்து, அறையில் ஒரு சுற்றுச் சுற்றி, வடிவின் நனைந்த கன்னத்தில் போய் உட்கார்ந்தது. சுருட்டி வைத்திருந்த உறிஞ்சியை மெல்ல நீட்டியது. பெண்ணில்லாத ஊரில் பரிசம் சேர்க்கிற மாப்பிள்ளை, உப்பைக் கொடுக்கிறவள் யாரென்று கண்டுகொண்டுவிட்டது.

வடிவின் கை தோளுக்குப் போனது. துண்டு அங்கே இல்லை. தாயுமானவன் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இருந்துட்டுப் போவட்டும்," என்றார்.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பி, உதடு அசையாமல் கேட்டாள்:

"மத்தியானத்துக்குக் கருவாடு வேணுமா?"

"உப்பு போட்டா, போடாமலா?"

"ஒங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியாதே."

மலைக்கு மேலே நக்காபீஸில், ஆள் மேல் உட்கார்ந்த ஒரு மறவனிடமிருந்து பதிவு வந்து சேர்ந்தது. சரிபார்ப்பு நேற்றோடு முடிந்துவிட்டிருந்தது. கணினி அதைச் சட்டப்படி, படிக்காமலே ஒதுக்கியது.